‘உடன்’ என்று எழுதிய குழுவினருக்கு

தஞ்சாவூரில் பிள்ளைகளுக்கான யூ-கி-ஓ அட்டைப் போட்டியை நடத்தும் குழுவினருக்கு,

அடுத்த போட்டிக்காக நீங்கள் அச்சிட்ட விதித்தாள் சென்ற வாரம் என் கைக்கு வந்தது. ஏழாவது விதியை மூன்று முறை படித்தேன். ‘நிகழ்வு நடந்தவுடன், ஐந்து நொடிக்குள் அறிவிக்கப்படாத விளைவு நேரம் தவறியதாகக் கருதப்படும். ஆட்டத்தின் நடுவே அட்டையைப் படித்துக்காட்டும்படி நடுவரைக் கேட்கக் கூடாது. நடுவர் தீர்ப்பே முடிவானது.’ (விளைவு என்பது ஆட்டத்தில் ஓர் அட்டை செய்யும் காரியம்; அது அட்டையிலேயே அச்சாகியிருக்கும்.) சென்ற போட்டியில் உங்கள் நடுவர்கள் வாயால் செய்த தவற்றை இந்த முறை அச்சிலேயே ஏற்றிவிட்டீர்கள். அச்சில் ஏறிய தவற்றைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதுதான் என் பிழைப்பு.

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை எல்லாம் என் பேனாவைத் தாண்டித்தான் வெளியே போகும். சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். அந்த மதியங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகள் இந்த அட்டைகளை விரித்துக்கொண்டு உட்காருவார்கள். பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்கும் மலிவுப் பாக்கெட்டில் வாங்கியவை பாதி, உறவினர் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவை பாதி. மலிவுப் பாக்கெட்டில் இருக்கும் ஆங்கிலத்தில் வரிக்கு ஒரு பிழை. அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை. ஆட்டத்தில் தகராறு வந்தால், ‘மாமா, நீங்கள்தானே தப்பு கண்டுபிடிக்கிற வேலை பார்க்கிறீர்கள், வந்து சொல்லுங்கள்’ என்பார்கள். அப்படித்தான் இந்த விளையாட்டின் விதிகளை நான் கற்றேன். ஆசையாகக் கற்கவில்லை. கற்ற பிறகு ஆசை வந்தது.

சென்ற போட்டிக்கு நான்கு பிள்ளைகளை பஸ்ஸில் அழைத்துக்கொண்டு நானும் வந்திருந்தேன். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். பந்தி மேசைகளின் மேல் வெள்ளைக் காகிதச் சுருளை ஓட்டியிருந்தீர்கள். இலை போடும் இடத்தில் அட்டைகள். காலையில் கழுவிய மேசைகள் சரியாகக் காயாததால் காகிதம் ஆங்காங்கே நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பதினோராம் மேசையில் எங்கள் தெருப் பெண். ஏழாம் வகுப்பு, தமிழ்வழி. அவள் பாட்டி பூக் கட்டி விற்கிறவர். பேத்தி நாற்பது அட்டைகளையும் வாழைநாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி எடுத்துவந்திருந்தாள். அவிழ்த்தபோது நாரை எறியவில்லை. சுருட்டிப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டாள்.

எதிரே இருந்த பையன் அவளுடைய சங்கனைத் தாக்கி அழித்தான். சங்கன் மூன்று கண்ணுள்ள உருண்டைப் பூதம். பெயர் ஏதோ ஊர் எல்லைச் சாமி பெயர் மாதிரி இருப்பதால் எங்கள் திண்ணையில் அதற்குத் தனி மரியாதை உண்டு. அவள் அதை எடுத்து, அழிந்த அட்டைகளைக் குவிக்கும் இடமான சுடுகாட்டில் வைத்தாள். உங்கள் தாள் கல்லறை என்கிறது; பிள்ளைகள் சுடுகாடு என்றுதான் சொல்கிறார்கள். வைத்தவள் கையை எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலை அட்டையின் அடிவரிகளில் வைத்து எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். ‘இஃப்... திஸ்... கார்ட்... இஸ்... சென்ட்...’ விரலோடு உதடும் நகர்ந்தது. ‘ஃபீல்ட்’ என்ற சொல்லில் கொஞ்சம் நின்றாள். அதற்குள் பையன் ‘அடுத்த தாக்குதல்’ என்றான். பக்கத்தில் நின்ற நடுவர், கல்லூரி மாணவராக இருக்க வேண்டும், விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தாவது விரல் மடங்கியதும், ‘நேரம் தவறிவிட்டது பாப்பா, விடு’ என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, பாப்பா என்றுதான் சொன்னார். அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

சங்கன் அட்டையில் இருப்பது என்ன? களத்திலிருந்து சுடுகாட்டுக்கு அனுப்பப்பட்டால், தாக்குதல் புள்ளி 1500 அல்லது அதற்குக் குறைவாக உள்ள ஒரு பூதத்தைத் தன் சீட்டுக்கட்டிலிருந்து கையில் சேர்க்க வேண்டும். ‘சேர்க்கலாம்’ என்று இல்லை. கட்டாய விளைவு. அதை நடத்தி முடிக்காமல் அந்தப் பையன் அடுத்த தாக்குதலுக்குப் போகவே முடியாது. அவள் ஐந்து நொடி படித்தாலும் ஐம்பது நொடி படித்தாலும் அந்த விளைவுக்கு நேரம் தவறாது. இந்த விளையாட்டில் நேரம் தவறவே முடியாத வகை என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

திரும்பும் பஸ்ஸில், எதை எடுப்பதாக இருந்தாய் என்று கேட்டேன். குரிபோவை என்றாள். தாக்குதல் 300 மட்டுமே உள்ள சின்ன உருண்டை. கையிலிருந்து அதை எறிந்தால் அந்த மோதலில் நமக்கு விழவிருந்த அடி விழாது. நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சங்கனின் இன்றைய வாசகப்படி, அதைக்கொண்டு எடுத்த அட்டையை அந்தச் சுற்று முடியும்வரை பயன்படுத்த முடியாது. ஆகவே பையனின் அந்த இரண்டாவது தாக்குதலிலிருந்து குரிபோ அவளைக் காப்பாற்றியிருக்காது. அவள் ஜெயித்திருப்பாள் என்று நான் வாதாட வரவில்லை. அடுத்த சுற்றில் கையில் ஓர் அட்டை கூடுதலாக இருந்திருக்கும். அது அவளுக்குச் சேர வேண்டிய அட்டை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அதே மதியம் மூன்றாம் மேசையில் இதற்கு நேர் எதிரானது நடந்தது. ஒரு பையன், வாய்த்துடுக்கான கெட்டிக்காரன், களத்தில் இருந்த பீட்டன் என்ற கோமாளியைப் பலி கொடுத்து, 2500 தாக்குதல் கொண்ட சம்மன்ட் ஸ்கல்லை இறக்கினான். இறக்கிய கை மேசையைவிட்டு எழுவதற்குள், ‘பீட்டன்! இன்னொரு பீட்டன் வருகிறது!’ என்று கூவிச் சீட்டுக்கட்டைப் பிரித்துவிட்டான். எதிரே இருந்தவனுக்கு ஒன்பது வயதிருக்கும். நடுவரை அண்ணாந்து பார்த்தான். ‘உடனே சொல்லிவிட்டான், செல்லும்’ என்றார் நடுவர். செல்லாது. ஒரு நொடிக்குள் சொன்னாலும் செல்லாது, பலி கொடுப்பதற்கு முன்பே சொல்லி வைத்திருந்தாலும் செல்லாது.

ஒரே கூடத்தில், ஒரே மணி நேரத்துக்குள், கட்டாயம் கிடைக்க வேண்டியவளுக்கு மறுத்தீர்கள். கிடைக்கவே கூடாதவனுக்குக் கொடுத்தீர்கள். இரண்டு இடத்திலும் நடுவர்கள் பார்த்தது ஒன்றைத்தான்: யார் எவ்வளவு சீக்கிரம் வாயைத் திறந்தார்கள் என்பதை. நான் உங்கள் மேசைக்கு வந்து சொன்னேன். அங்கே இருந்தவர் எனக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, ‘நேரம் தவறினால் தவறியதுதானே சார்’ என்றார். காபிக்கு நன்றி. பதில் தவறு.

நீங்கள் ‘நேரம் தவறுதல்’ என்று மொழிபெயர்த்திருக்கும் விதிக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டத்தில் காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. சில அட்டைகளில் ‘வென்’ என்று தொடங்கி ‘யூ கேன்’ என்று தொடரும் வாசகம் இருக்கும். இன்னது நடக்கும் தறுவாயில் நீ விரும்பினால் இதைச் செய்யலாம் என்று பொருள். அந்த ‘இன்னது’தான் கடைசியாக நடந்த காரியமாக இருக்க வேண்டும். அதன்பின் வேறொன்று நடந்துவிட்டால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்திருந்தாலும், அந்தத் தறுவாய் போய்விட்டது. பீட்டன் அப்படிப்பட்ட அட்டை. மோதலில் அழிந்து சுடுகாட்டுக்குப் போனால், போனதுதான் கடைசிக் காரியம். இன்னொரு பீட்டனை அழைக்கலாம். பலியாகப் போனால், போன பிறகு பெரிய பூதம் களத்தில் இறங்குகிறது. இறங்கியதுதான் கடைசிக் காரியம். பீட்டன் போனது அதற்கு முந்தையதாகிவிட்டது. வேறோர் அட்டையைப் பயன்படுத்துவதற்கு விலையாகப் பீட்டனை எறிந்தாலும் இதே கதைதான்.

‘இஃப்’ என்று தொடங்கும் அட்டைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நடந்ததா என்பது மட்டுமே அங்கே கேள்வி. கடைசியாக நடந்ததா என்ற கேள்வி இல்லை. பர்னிங் அபிஸ் என்ற பூதக் கூட்டத்தில் கிராஃப் என்று ஒன்று இருக்கிறது. அதில் ‘இஃப்’ உம் உண்டு, ‘யூ கேன்’ உம் உண்டு. அதைப் பலி கொடுக்கலாம், விலையாக எறியலாம். நடுவில் இருக்கும் காரியம் முடிந்ததும் அதன் விளைவைக் கேட்டு வாங்கலாம். ‘யூ கேன்’ இல்லாத அட்டை, ‘வென்’ என்று தொடங்கினாலும் ‘இஃப்’ என்று தொடங்கினாலும், கட்டாயம். தவறாது. ஆக, தவறக்கூடியது ‘வென்’ உம் ‘யூ கேன்’ உம் சேர்ந்த ஒரே வகை. நடுவர் அட்டையில் தேட வேண்டியது இந்த இரண்டு சொற்களைத்தான். கைவிரல்களை மடக்க வேண்டியதில்லை.

சங்கிலி விளைவுகளில் இது இன்னும் சிக்கலாகும். ஓர் அட்டைக்கு எதிராக இன்னொன்று, அதற்கு எதிராக மற்றொன்று என்று கோக்கும்போது கடைசியில் கோத்தது முதலில் நடக்கும். வைக்கோல் போரை மேலிருந்து பிரிப்பதுபோல. இரண்டாவதாகக் கோத்த அட்டையால் பீட்டன் அழிந்தால், அதன்பிறகு முதல் அட்டையின் விளைவு நடந்தாக வேண்டும். பீட்டனின் தறுவாய் அங்கேயும் போயிற்று. இரண்டு பேருடைய விளைவுகளும் ஒரே சமயத்தில் கிளம்பினால் எதை முதலில் கோப்பது என்பதற்கும் வரிசை உண்டு. யாருடைய சுற்று நடக்கிறதோ அவருடைய கட்டாய விளைவு முதலில், பிறகு எதிராளியின் கட்டாய விளைவு, பிறகு சுற்றுக்காரரின் விருப்ப விளைவு, கடைசியாக எதிராளியின் விருப்ப விளைவு. ஆறாம் மேசையில் இதற்கும் முதலில் கத்தியவருக்கே முதலிடம் கொடுக்கப்பட்டதைப் பார்த்தேன். மீன் ஏலத்தில்கூட அப்படி நடப்பதில்லை.

இதையெல்லாம் நான் திண்ணையில் உட்கார்ந்து இட்டுக்கட்டவில்லை. ஜப்பானில் இந்த அட்டை ஆட்டம் 1999-இல் வந்தது, ஆங்கில அட்டைகள் 2002-இல் வந்தன. ஜப்பானிய அட்டைகளில் இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று ‘தோக்கி’, அதாவது வேளை. மற்றது ‘பாஆய்’, அதாவது ‘அப்படியானால்’ என்ற பட்சம். ஆங்கிலத்தில் அவை ‘வென்’ என்றும் ‘இஃப்’ என்றும் ஆயின. 2011-இல் ஆங்கில அட்டைகளின் நடையையே, அவற்றை வெளியிடும் கோனாமி நிறுவனம் சீரமைத்தது. அன்றுமுதல் முக்காற்புள்ளிக்கு முன்னால் வருவது நிபந்தனை. அரைப்புள்ளிக்கு முன்னால் வருவது கொடுக்க வேண்டிய விலை, குறிவைக்க வேண்டிய இலக்கு. அரைப்புள்ளிக்குப் பின்னால் வருவது விளைவு. மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு இதைவிடச் சந்தோஷம் உண்டா? வாழ்நாள் முழுவதும் அரைப்புள்ளிக்காக ஊரோடு சண்டை போட்டவன் நான். ஒரு அரைப்புள்ளி இடம் மாறினால் ஆட்டமே மாறும் ஒரு விளையாட்டைப் பத்து வயதுப் பிள்ளைகள் என் திண்ணையில் விளையாடுகிறார்கள்.

உங்கள் விதித்தாளுக்கு வருகிறேன். பின்பக்கத்தில் இருபது அட்டைகளின் வாசகங்களைத் தமிழில் கொடுத்திருக்கிறீர்கள். இந்த அட்டைகள் தமிழில் அச்சாவதில்லை. பிள்ளைகளுக்காக யாரோ மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பீட்டனுக்கும் ‘சுடுகாட்டுக்குச் சென்றவுடன்’ என்ற பொருளில் ‘கல்லறைக்குச் சென்றவுடன்’, சங்கனுக்கும் ‘கல்லறைக்குச் சென்றவுடன்’. இருபதிலும் ‘உடன்’. ‘வென்’ உம் ‘இஃப்’ உம் ஒரே சாக்கில் விழுந்துவிட்டன. ‘உடன்’ என்ற அந்தச் சொல்தான் உங்கள் நடுவர்களின் கையில் கடிகாரத்தைக் கொடுத்தது. ‘உடன்’ என்றால் உடனே. உடனே என்றால் எத்தனை நொடி? ஐந்து வைத்துக்கொள்வோம். இப்படித்தான் ஏழாவது விதி பிறந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். (அரசு அலுவலகக் கடிதங்களில் ‘உடன் நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதுகிறார்களே, அந்த ‘உடன்’ ஆக இருந்தாலாவது அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம் கிடைத்திருக்கும்.) முக்காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் காற்புள்ளி போட்டிருக்கிறீர்கள். எது நிபந்தனை, எது விலை, எது விளைவு என்று இப்போது கடவுளுக்கும் தெரியாது. நான்காம் விதியில் ‘பலி கொடுத்து’ என்பது ‘பழி கொடுத்து’ என்றாகியிருக்கிறது, அதைப் பெரிதுபடுத்தவில்லை.

தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாதா? நம்மிடம் இருக்கும் அளவுக்கு வேறு யாரிடமும் இல்லை. ‘அனுப்பப்படும் தறுவாயில்’ என்றால் ‘வென்’. ‘அனுப்பப்பட்டிருந்தால்’ என்றால் ‘இஃப்’. ஜப்பானியர் ‘பாஆய்’ என்பதற்கு நம் ‘பட்சத்தில்’ அப்படியே பொருந்தும். பிள்ளைகளுக்குப் பழைய சொல்லாகத் தெரியும் என்பதால் நான் அதை வற்புறுத்தவில்லை. விதியின் பெயரை ‘முறை தவறுதல்’ என்று வைக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். வேண்டாம், தமிழில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது, பெற்றோர்கள் வந்துவிடுவார்கள். ‘தறுவாய் நழுவுதல்’ என்று எங்கள் திண்ணையில் சொல்கிறோம். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது பரீட்சைக்குப் படிக்காமல் போனதற்கும் அதையே சொல்கிறார்கள்.

நான் அவர்களுக்கு விளக்கியது ஆற்றுத் தண்ணீரை வைத்துத்தான். மேட்டூரில் தண்ணீர் குறைவாக இருக்கும் ஆண்டுகளில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்து மாற்றி மாற்றி விடுவார்கள். முறை நம் பக்கம் இருக்கும்போது மடையைத் திறந்தால் வயல் நனையும். வெண்ணாற்றுக்கு மாறிவிட்டால், காவிரிக்கரையில் நின்று எவ்வளவு வேகமாக மண்வெட்டியைப் போட்டாலும் தண்ணீர் வராது. அது ‘வென்’. குளத்தில் தேங்கிய தண்ணீர் அப்படி இல்லை. நடுவில் மழை பெய்து ஓயட்டும், ஊரில் காப்புக் கட்டித் தேர் ஓடி முடியட்டும், இருக்கிற காரியம் முடிந்ததும் இறைத்துக்கொள்ளலாம். அடுத்த போகம்வரை போட்டுவைக்க முடியாது என்பது மட்டும்தான் கணக்கு. அது ‘இஃப்’. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 என்றால் என்ன என்று தெரிந்த வீட்டிலிருந்து வருகிறவர்கள்.

நான் மட்டும் எல்லாம் தெரிந்தவன் என்று எழுதவில்லை. ஏறத்தாழ நான்கு மாதம் நானும் பீட்டனைப் பலி கொடுத்தால் இன்னொரு பீட்டன் வரும் என்றே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரவு அதிகாரபூர்வ விதிநூலைப் படிக்கும்போது என் தவறு தெரிந்தது. தூக்கம் வரவில்லை, சிரிக்காதீர்கள். அடுத்த சனிக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். ஒரு பையன் என் தீர்ப்பால் தோற்ற ஆட்டங்களை விரல்விட்டு எண்ணினான். ஆறு. அத்தனைக்கும் சேர்த்துக் கடலை மிட்டாய் வாங்கிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர்கள் என் தீர்ப்பைக் கேட்பது குறையவில்லை. அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது கூடியது.

உங்கள் தரப்பு எனக்குத் தெரியும். மண்டபத்தை ஆறு மணிக்கு ஒப்படைக்க வேண்டும், இரவு அங்கே நிச்சயதார்த்தம். பிள்ளைகள் சிலர் வேண்டுமென்றே இழுக்கிறார்கள். நடுவர்கள் சம்பளம் வாங்காத மாணவர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இழுத்தடிப்பது தனிக் குற்றம். பெரிய போட்டிகளில் அதற்குத் தனியாக எச்சரிக்கை கொடுக்கிறார்கள், தண்டனையும் உண்டு. ஓர் ஆட்டக்காரர் அட்டையின் சரியான வாசகத்தை நடுவரிடம் கேட்பதை அங்கே யாரும் குற்றமாக நினைப்பதில்லை. இழுக்கிறவனைக் கண்டியுங்கள். அதற்காக விளைவைப் பிடுங்காதீர்கள்.

‘சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்கு இவ்வளவு நுணுக்கமா’ என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நுணுக்கத்தை நான் கொண்டுவரவில்லை. அது அட்டையில் அச்சாகி இருக்கிறது. பிள்ளைகள் இந்த விளையாட்டை நேசிப்பதும் அதனால்தான். நுணுக்கம் வேண்டாம் என்றால் கழுதைச் சீட்டு ஆடவிடலாம். அதில் முதலில் கைவைத்தவன் ஜெயிப்பான், ஐந்து நொடிகூடத் தேவையில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஆங்கில வாசகத்தை ஐந்து நொடியில் படித்துச் சொல்லிவிடக்கூடிய பிள்ளைகள் அந்தக் கூடத்தில் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். மன்னார்குடிப் பக்கத்திலிருந்தும் திருவாரூர்ப் பக்கத்திலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்த தமிழ்வழிப் பிள்ளைகள் அதில் எத்தனை பேர்? நடுவரிடம் படித்துக்காட்டச் சொல்லவும் கூடாது என்று இப்போது சேர்த்துவிட்டீர்கள். இந்த விதியை நீங்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்று நம்புகிறேன். ஆனால் அது வேலை செய்யப்போவது அப்படித்தான்: எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையின் கையிலிருந்து அட்டையை எடுத்து, சரளமாகப் பேசுகிற பிள்ளையின் கையில் கொடுக்கும்.

ஆகவே கேட்கிறேன்.

ஏழாவது விதியை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஐந்தைப் பத்தாக்கித் திருத்த வேண்டாம். அதற்குப் பதிலாக, கடைசியாக நடந்த காரியம் எது என்பதை வைத்தே தறுவாய் தீர்மானிக்கப்படும் என்றும், கட்டாய விளைவுகளும் ‘இஃப்’ விளைவுகளும் தவறுவதில்லை என்றும் இரண்டு வரி எழுதுங்கள். வேண்டுமென்றே இழுப்பவர்களுக்குத் தனி விதி வையுங்கள்; முதல் முறை எச்சரிக்கை என்று தொடங்கட்டும்.

பின்பக்கத்து இருபது அட்டைகளையும் திரும்ப எழுதுங்கள். ‘உடன்’ ஓரிடத்திலும் வர வேண்டாம். எடுத்துவிட்ட முக்காற்புள்ளிகளையும் அரைப்புள்ளிகளையும் அவற்றின் இடத்தில் போடுங்கள். பழைய அட்டைகளிலும் மலிவு நகல்களிலும் வாசகம் மாறியிருக்கும். அதனால் கையில் இருக்கும் அட்டையை மட்டும் பார்க்காமல், நிறுவனத்தின் அதிகாரபூர்வ அட்டைப் பட்டியலில் இன்றைய வாசகத்தைச் சரிபார்த்துத் தீர்ப்புச் சொல்ல நடுவர்களுக்கு அனுமதி கொடுங்கள். எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

அட்டையைப் படித்துச் சொல்லும்படி எந்தப் பிள்ளையும் கேட்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். நான்கு மேசைக்கு ஒருவராவது ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொல்லக்கூடியவராக இருக்கட்டும். மேசை நடுவரின் தீர்ப்பை ஏற்காத பிள்ளை தலைமை நடுவரிடம் போகலாம் என்ற வழியையும் திறந்துவையுங்கள். ‘நடுவர் தீர்ப்பே முடிவானது’ என்ற வரி அந்தத் தலைமை நடுவருக்கு மட்டும் பொருந்தட்டும்.

திருத்திய தாளை அச்சுக்கு அனுப்புமுன் மெய்ப்பை எனக்கு அனுப்புங்கள். ஓர் இரவில் பார்த்துத் தருகிறேன். கூலி வேண்டாம். நடுவர் மாணவர்களை ஒரு சனிக்கிழமை கும்பகோணத்துக்கு அனுப்பினால், இந்த விதியை எங்கள் திண்ணைப் பிள்ளைகளே அவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். கடலை மிட்டாய் என் செலவு.

கடைசியாக, பதினோராம் மேசைப் பெண்ணுக்கு உங்கள் குழுவின் பெயரில் இரண்டு வரி எழுதுங்கள். பரிசையோ புள்ளியையோ திருப்பித் தரச் சொல்லவில்லை. சங்கனின் விளைவு அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும், நடுவர் சொன்னது தவறு என்று இருந்தால் போதும். தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்பது ஆங்கிலத்துக்கு மட்டும்தான். ஆனாலும் பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது, அவரும் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கும்பகோணத்து மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்